முதல் உப்புநீர் மீன்தொட்டி: ஸ்டாண்ட் அடிப்பதிலிருந்து மீன் விடுவது வரை

இன்று மரம் வாங்கினால், தொட்டிக்குள் மீன் நீந்துவதைப் பார்க்க மூன்று மாதம் ஆகும். கடையில் கேட்டால் “வர்ற ஞாயித்துக்கிழமையே செட் பண்ணிடலாம் சார்” என்பார்கள். அவர்கள் செட் பண்ணிவிடுவார்கள்தான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை செத்த மீனை வலைபோட்டு எடுப்பது நீங்களாக இருப்பீர்கள்.

நான் இருப்பது சென்னையில், இரண்டாவது மாடி ஃபிளாட். கப்பியும் தங்கமீனும் பல வருடம் வளர்த்த தைரியத்தில் உப்புநீருக்கு வந்தவன். அந்தத் தைரியம் பெரிதாக உதவவில்லை. இங்கே சொல்வதெல்லாம் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு தொட்டிக்கானது. முதல் தொட்டி சிறியதாக இருந்தால் சுலபம் என்று தோன்றும். உண்மையில் தண்ணீர் குறையக் குறைய எல்லாம் வேகமாகக் கெடும். ஒரு மீன் செத்துப் பாறைக்குப் பின்னால் கிடந்தால் நாற்பது லிட்டர் தொட்டி ஒரே இரவில் நாசமாகும். நூற்றைம்பது லிட்டர் உங்களுக்கு ஒரு நாளாவது அவகாசம் தரும்.

எடைக் கணக்கு

முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். 10 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ இருக்கும். நம் தொட்டிக்கு 18 சதுர அடிக் கண்ணாடி வேண்டும், அதாவது 42 கிலோ. மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால், பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக, ஏறத்தாழ 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கடல்நீர் நல்லதண்ணீரைவிடச் சற்றுக் கனம் என்பதால் அதை 154 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பாறை 15, மணல் 15, மோட்டார், விளக்கு எல்லாம் சேர்த்து 240 கிலோவுக்குக் குறையாது. ஸ்டாண்டின் எடையும் சேர்ந்தால் 280.

நான்கு பெரியவர்கள் ஒரு மேசைமேல் ஏறி நின்று, வருடக்கணக்கில் இறங்காமலே இருப்பது போன்ற பாரம் இது. டிவி வைத்திருந்த பழைய மேசை போதும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மேசை அது. பார்க்கத் திடமாகத்தான் இருந்தது. நாலாவது மாதம் அதன் கதவு மூடும்போது கொஞ்சம் உரசியது. மழைக்காலம், மரம் ஊதியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆறாவது மாதம் கதவு மூடவே இல்லை. மேல்பலகை நடுவில் தொய்ந்து கதவின்மேல் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி உடையும் முன்பே கண்டுபிடித்தது என் நல்லநேரம். அன்றிரவு பதினோரு மணிக்கு வீட்டிலிருந்த அண்டா, குடம், பக்கெட் அத்தனையிலும் உப்புத்தண்ணீரை இறைத்து வைத்தோம்.

எங்கே வைப்பது என்பதை ஸ்டாண்ட் அடிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற பரவலான பாரத்துக்குக் கணக்கிட்டுக் கட்டுவது வழக்கம். நம் தொட்டி அரைச் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் 280 கிலோவை இறக்குகிறது. சுற்றியுள்ள தளமும் சேர்ந்து தாங்கும் என்பதால் பொதுவாக ஒன்றும் ஆகாது. ஆனாலும் அறையின் நடுவில் வைக்காமல், கீழே பீம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பால்கனியில் வேண்டவே வேண்டாம். வீடு பழையது, தளத்தில் விரிசல் உண்டு என்றால் ஓர் இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். ஜன்னல் வெயில் தொட்டிமேல் விழக்கூடாது. வீட்டில் ஈசானி மூலைதான் என்று சொன்னால், அங்கே வெயில் படாதவரை நான் சண்டை போட மாட்டேன்.

ஸ்டாண்ட்

வெல்டிங் பட்டறையில் இரும்புச் சதுரக் குழாயில் அடித்து வாங்கலாம். பலமாக இருக்கும், ஆனால் உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டே வருடத்தில் பெயின்ட் உரிந்து துரு பூக்கும். நான் மரத்தையே சொல்வேன். சென்னையில் இடித்த வீடுகளின் பழைய மரம் விற்கும் கடைகள் உண்டு. அங்கே பழைய தேக்கு உத்தரம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இத்தனை வருடத்தில் காய்ந்து முறுக வேண்டியதெல்லாம் முறுகிவிட்டிருக்கும். உளுத்த இடம் இருக்கிறதா என்று ஆணியால் குத்திப் பாருங்கள். உள்ளே முறிந்த பழைய ஆணி இருந்தால் அறுப்பு மில்காரர் திட்டுவார், முன்பே பிடுங்கிவிடுங்கள். புது மரம் என்றால் நன்றாகக் காய்ந்த சால் மரம் போதும்.

மில்லிலேயே அளவாக அறுத்து இழைத்துத் தரச் சொல்லுங்கள். 3 அங்குலத்துக்கு 2 அங்குலக் கட்டையில் 36½ அங்குல நீளத்துக்கு நான்கு, 14½ அங்குலத்துக்கு நான்கு. 4 அங்குலத்துக்கு 4 அங்குலக் கட்டையில் 24 அங்குலக் கால்கள் நான்கு. இழைத்தால் கட்டை கொஞ்சம் மெலியும். அதனால் குட்டைக் கட்டைகளின் நீளத்தை, நீளக் கட்டையின் உண்மையான கனத்தை அளந்தபிறகு முடிவு செய்யுங்கள். கூட்டிய சட்டத்தின் வெளி அகலம் 18½ அங்குலம் வர வேண்டும்.

3 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி, இரண்டு நீளம், இரண்டு குட்டை வைத்து ஒரு சட்டம். அதேபோல் இன்னொன்று. குட்டைகள் நீளங்களுக்கு நடுவே உட்காரும். மூலைக்கு இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, நீர் தாங்கும் வகை மரப்பசை. ஓட்டை போடாமல் ஸ்க்ரூவை முறுக்கினால் காய்ந்த தேக்கு பிளந்துகொள்ளும், டிரில் பிட்டில் முன்ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். பசை காயும் முன் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரம். இல்லையென்றால் நீளமான மூலையைப் பிடித்துத் தள்ளிச் சரிசெய்யலாம். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை.

இப்போது கீழ்ச்சட்டத்தின் நான்கு மூலையிலும் கால்களை நிறுத்தி, அவற்றின் தலையில் மேல்சட்டத்தை உட்கார வையுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்: சட்டத்தின் கட்டை காலின் தலைமேல் உட்கார வேண்டும். காலின் பக்கவாட்டில் சட்டத்தை ஒட்டவைத்து ஸ்க்ரூ முறுக்குவது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் 240 கிலோவும் சில ஸ்க்ரூக்களில் தொங்கும். கட்டைமேல் கட்டை உட்கார்ந்தால் பாரம் மரம் வழியாகவே தரைக்கு இறங்கிவிடும், ஸ்க்ரூவுக்கு நழுவாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். கால் 4 அங்குலச் சதுரமாக இருப்பதும் இதற்காகவே. 2 அங்குல நீளக் கட்டையும் அதன் உள்ளே முடியும் குட்டைக் கட்டையும் இரண்டுமே காலின் தலையில் இடம்பிடிக்கும். மூன்றடிக்கு நடுக்கால் தேவையில்லை. தேக்கிலோ சாலிலோ 3 அங்குல ஆழக் கட்டை இந்தப் பாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளையாது. நான்கடிக்கு மேல் போனால் கணக்கு வேறு.

கட்டி முடித்த கூட்டைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடும். பயப்பட வேண்டாம், அதற்கு மருந்து பிளைவுட். பின்பக்கமும் இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்டை, கால்களையும் இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பிடிக்கும்படி, பசை போட்டு அரையடிக்கு ஒரு ஸ்க்ரூ அடியுங்கள். அதன்பின் தள்ளினால் ஸ்டாண்ட் அசையாது, நீங்கள்தான் வழுக்குவீர்கள். பின்பலகையில் ஒயர் போக வட்ட ஓட்டைகளை முன்பே போட்டுவிடுங்கள். மேலே 19 மில்லிமீட்டர் பலகை. மெரைன் பிளைவுட் என்று கேட்டால் எதையாவது தலையில் கட்டப் பார்ப்பார்கள், பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். வெட்டிய ஓரங்களிலும் உள்பக்கத்திலும்தான் பெயின்ட் அதிகம் வேண்டும், தண்ணீர் நுழைவது அங்கேதான். வாடை போக ஒரு வாரம் காய விடுங்கள்.

தொட்டி

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. அலங்கார மீன் வியாபாரத்தில் நாடே அறிந்த இடம், கண்ணாடி வெட்டித் தொட்டி ஒட்டித் தருபவர்களும் அங்கே உண்டு. மேல்விளிம்பில் உள்பக்கமாக இரண்டு அங்குலக் கண்ணாடிப் பட்டை வைக்கச் சொல்லுங்கள், முன் கண்ணாடி வெளியே பிதுங்காது. ஒட்டியபின் ஒரு வாரமாவது சிலிகான் காய வேண்டும். வினிகர் வாடை அடித்துக்கொண்டிருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

ஸ்டாண்டை இடத்தில் வைத்து ரசமட்டம் போட்டுப் பாருங்கள். தரை சமமாக இல்லையென்றால் கீழ்ச்சட்டத்துக்கு அடியில் ஆப்பு வைக்க வேண்டும், தொட்டிக்கு அடியில் வைக்கவே கூடாது. பலகைமேல் அரை அங்குலத் தெர்மகோல் விரித்து அதன்மேல் தொட்டி. ஒரு சிறு மணல் கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டினாலே விரிசல் விடும், தெர்மகோல் அதை விழுங்கிக்கொள்ளும். குழாய்த்தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். நான்கு மூலையிலும் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று ஸ்கேலால் அளந்தால், சாய்வை ரசமட்டத்தைவிடத் துல்லியமாகத் தண்ணீரே சொல்லிவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அப்புறம் காலி செய்யுங்கள்.

கரென்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அந்தப் பிளக் வரும் லைனில், மின்கசிவு வந்தால் உடனே கரென்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பிளக் பாயின்ட்டுக்குப் போகும் ஒயர் அதற்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலே ஏறட்டும். ஒயர் வழியே ஒழுகும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

தண்ணீர்

“கடல் பக்கத்துலதானே இருக்கு, நாலு கேன் பிடிச்சுட்டு வந்தா ஆச்சே?” என்று எல்லோரும் கேட்பார்கள். மெரினாவில் 1909-லேயே மீன்காட்சியகம் திறந்த ஊர்தான் இது. ஆனால் மெரினாவின் ஒரு கோடியில் கூவம் கலக்கிறது, தெற்கே பட்டினப்பாக்கம் தாண்டினால் அடையாறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும். கரையில் பிடித்த தண்ணீரில் எண்ணெய், சாக்கடை, உயிருள்ள கிருமி எல்லாம் வரும். படகில் வெகுதூரம் போய் அள்ளி வர வசதி இருந்தால் வேறு கதை. மற்றவர்கள் உப்பு வாங்கிக் கரைத்துக்கொள்வதே நல்லது.

உப்பு என்றால் சமையல் உப்பு ஆகாது, தூத்துக்குடிக் கல்லுப்பும் ஆகாது. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படியும்போது மக்னீசியம், பொட்டாசியம் போன்றவை பெரும்பாலும், உப்பு படிந்தபின் மிஞ்சும் தாய்நீரோடு வடிந்துவிடுகின்றன, கால்சியம் அதற்கு முன்பே ஜிப்சமாகப் பிரிந்துவிடுகிறது. மீன்தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவையில் அவை எல்லாம் அளவோடு இருக்கும். லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் 150 லிட்டருக்கு ஐந்தேகால் கிலோ. கலவை கொஞ்சம் ஈரம் இழுத்திருக்கும், ஐந்தரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதால் பெரிய வாளியாக வாங்குவதே லாபம்.

கரைக்கும் தண்ணீரிலும் ஒரு சிக்கல் உண்டு. மெட்ரோ வாட்டரில் குளோரின், போர் தண்ணீரில் கடினத்தன்மை. வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ போதுமே என்றால், அவற்றில் பல, சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையோ தாதுவையோ திரும்பக் கலந்து, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) 50, 100 என்று தரும். நமக்கு வேண்டியது பூஜ்யம், அல்லது ஐந்துக்குள். ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் தாதுக்களைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குப்பி ஒன்று மாட்டினால் வந்துவிடும். சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது பொய் சொல்லாது.

முதல் முறை மட்டும் தொட்டிக்குள்ளேயே கரைக்கலாம். உயிர் எதுவும் உள்ளே போன பிறகு உப்பை நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது, டிரம்மில் தனியாகக் கரைக்க வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டு, மோட்டார் சுழல, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளைப் பொடியாக அடியில் படிந்துவிடும், பிறகு கரையாது. ஒரு நாள் சுழல விட்டு அளந்து பாருங்கள். 25 டிகிரியில் ஒப்படர்த்தி, அதாவது நல்லதண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவு, 1.025 அல்லது 1.026 வர வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி நான் ஒரு வருடம் ஏமாந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் வெறும் ஆர்ஓ தண்ணீரில் சரிபார்க்காமல், உப்பளவு 35 என்று குறித்த சரிபார்ப்புத் திரவத்தில் பாருங்கள்.

பாறையும் மணலும்

வெளிநாட்டு வீடியோக்களில் கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறையைக் கொட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் போகும் உறவினரிடம் “ரெண்டு பாறை எடுத்துட்டு வாங்க” என்று சொல்லிவிடாதீர்கள். பவளம், கடல் விசிறி, கடல்குதிரை, கடலட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. செத்த பவளக்கல்லும் சேர்த்தி, ஜெயில் வரை போகும் விஷயம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. பவளத்தை அள்ளியதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆகவே செயற்கைப் பாறை. துளைகள் நிறைந்த செராமிக் பாறையோ, சிமென்ட் வகைப் பாறையோ கிடைக்கிறது. துளைதான் முக்கியம், பாக்டீரியா குடியிருப்பது அதற்குள்தான். முதலில் வெறும் கண்ணாடித்தரையில் பாறையை அசையாமல் அடுக்குங்கள், சந்துகள் இருக்கட்டும், பின்கண்ணாடியில் சாய்க்க வேண்டாம். மணலை அதற்கு அப்புறம் போடுங்கள். மணல்மேல் பாறையை வைத்தால், தோண்டும் பழக்கமுள்ள ஒரு மீன் அடியைத் தோண்டிப் பாறையைச் சரித்து, கண்ணாடியை உடைத்துவிடும். மணல் அரகோனைட் என்னும் சுண்ணாம்பு வகை, நன்றாக அலசி, ஓர் அங்குலம் போதும். ஆற்றுமணல் வேண்டாம்.

கருவிகள்

நீரோட்டத்துக்கு வேவ்மேக்கர் ஒன்றோ இரண்டோ, மொத்தமாக மணிக்கு 3000 லிட்டர் அளவுக்கு. புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்று, தொட்டியின் பின்னால் தொங்கும் வகை. நுண்குமிழிகளில் மீன்கழிவின் கரிமப்பொருள் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி ஒரு கிண்ணத்தில் சேரும். அதைக் கழுவும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே இன்னொரு தொட்டி வைத்து சம்ப் அமைப்பது பெரியவர்கள் செய்யும் வேலை, முதல் தொட்டிக்கு அதைத் தவிர்க்கலாம் என்பது என் கட்சி. ஓட்டை போட்ட கண்ணாடியும் பைப் இணைப்புகளும் கூடக்கூட ஒழுகும் இடங்களும் கூடும். விளக்கு சாதாரண எல்இடி போதும்.

நம் ஊரில் ஹீட்டருக்கு வேலையில்லை, ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மட்டும் வாங்குங்கள். நமக்குச் சூடுதான் எதிரி. தண்ணீர் 25-லிருந்து 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும், சித்திரை மாதம் சென்னை ஹாலில் அது தானாக 32-ஐத் தொடும். நீர்ப்பரப்பின்மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடினால் ஆவியாகும் வேகத்தில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கத்திரிவெயிலுக்கு அது போதாது. பகலெல்லாம் ஏசி ஓடாத வீடு என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கத்தான் வேண்டும். மொத்தச் செலவில் பெரிய பங்கு இதுதான். இதற்குப் பணம் இல்லையென்றால் சேரும்வரை தொட்டியைத் தள்ளிப்போடுங்கள், மீனை அவிக்க வேண்டாம்.

கரென்ட் போனால் ஓடும்படி பேட்டரி ஏர்பம்ப் ஒன்றும் அவசியம். உப்பும் சூடும் கூடக்கூடத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும்.

காத்திருக்கும் ஆறு வாரம்

தொட்டி நிரம்பி, விளக்கு எரிந்து, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே யாரும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் மீன் எங்கே என்பார்கள்.

மீனின் கழிவு அம்மோனியா ஆகும், அது நஞ்சு. ஒரு கூட்டம் பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கும், தண்ணீர் மாற்றும்போது நாம் அதை வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் பாறையில் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மீனை விட்டு அந்த அம்மோனியாவில் பெருக்குவது பழைய முறை, அந்த மீனுக்கு அது சித்திரவதை. மீன் இல்லாமலே அம்மோனியா கொடுக்கலாம். சுத்தமான அம்மோனியம் குளோரைடு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டால் 150 லிட்டரில் அம்மோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் அதில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாது என்பதால் வேண்டாம். சுத்தமானது கிடைக்காவிட்டால் சந்தையில் வாங்கிய இரண்டு பச்சை இறாலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு அழுக விடுங்கள். வாடைக்கு நான் பொறுப்பில்லை.

மூன்று நாளைக்கு ஒருமுறை சோதனைக் கிட்டில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். கடைசியில் 2 பிபிஎம் அம்மோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். நைட்ரேட் எகிறியிருக்கும், பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இடையில் மணலெல்லாம் பழுப்பாகத் தூசிபோலப் படியும், டயட்டம் பாசி. எல்லாப் புதுத் தொட்டியிலும் வரும், தானாகவே போகும்.

இந்த நாட்களில் பழக வேண்டியது ஒன்று உண்டு. ஃபேன் காற்றில் தினமும் இரண்டு லிட்டர் வரை ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி மட்டம் குறித்து, அந்தக் கோட்டுக்கு வெறும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். நான் ஆரம்பத்தில் உப்புத்தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன், கடல் மீனாயிற்றே என்று. இரண்டு வாரத்தில் 1.030 தாண்டிவிட்டது.

மீன்

முதல் மீன் ஒரு ஜோடி கோமாளி மீன், ஆசெல்லாரிஸ் வகை. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்கள் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டதால் கடலில் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தொட்டியில் பிறந்தது தீனியும் சட்டென்று எடுக்கும். ஆண், பெண் பார்க்க வேண்டியதில்லை. குஞ்சாக இருக்கும்போது எல்லாம் ஆண் போலத்தான், இரண்டை ஒன்றாக விட்டால் பெரியது பெண்ணாக மாறிவிடும். கடலில் இவை ஒண்டி வாழும் கடல் சாமந்தி என்னும் உயிரி இல்லாமலே நன்றாக வாழும். புதுத் தொட்டியில் சாமந்தி பெரும்பாலும் பிழைப்பதில்லை, செத்தால் மற்றவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

அந்த நீல டேங் மீனைக் குழந்தைகள் கேட்பார்கள். அது ஓரடி வரை வளரும், மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, பவளத்தைக் கொத்தித் தின்று வாழ்பவை, நீங்கள் போடும் தீனியைப் பார்த்துக்கொண்டே பட்டினியில் சாகும். சிங்கமீனின் துடுப்பு முள்ளில் நஞ்சு. கடையில் எந்த மீனைக் கேட்டாலும் “தீனி போட்டுக் காட்டுங்க அண்ணே” என்று சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள்.

வாங்கியதை நேராகத் தொட்டியில் விடக் கூடாது. இரண்டடித் தொட்டியோ பெரிய பிளாஸ்டிக் டப்போ, அதில் ஒளிந்துகொள்ள பிவிசி பைப் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், இதுதான் தனிமைத் தொட்டி. ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் ஆறு வாரமும் போட்டு வைத்திருந்தால் பாக்டீரியா அதிலும் ஏறியிருக்கும். நான்கு வாரம் மீன் அங்கே இருக்கட்டும். உடம்பில் உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி வருகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். வந்தால் மருந்து இங்கேயே. செம்பு கலந்த மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தை, இறால் எல்லாம் செத்துவிடும், பாறையிலும் அது ஏறிக்கொள்ளும்.

மீன் பையைப் பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. வெகுநேரம் பையில் வந்த மீனின் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட கரியமிலவாயு அதைப் பெரிய அளவில் நஞ்சாகாமல் அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அம்மோனியா முழு நஞ்சாகும். ஆகவே கடையில் அவர்கள் வைத்திருக்கும் உப்பளவைக் கேட்டு, அதே அளவில் தனிமைத் தொட்டியைத் தயார் செய்யுங்கள். மூடிய பையை இருபது நிமிடம் மிதக்க விடுங்கள், பிறகு பிரித்து மீனை மட்டும் எடுத்து உடனே விடுங்கள். பைத்தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள். உப்பளவை அடுத்தடுத்த நாட்களில் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

பெரிய தொட்டிக்கு மாறியபின் ஒரு மாதம் வேறு மீன் வேண்டாம். பாசியைத் தின்ன நான்கைந்து நத்தைகள் மட்டும். தினம் இருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. வாரம் பதினைந்து லிட்டர் தண்ணீர் மாற்றம். கையில் சோப்பு வாடை இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். அந்த அறையில் கொசு, கரப்பான் ஸ்பிரே அடிக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடு என்றால் ஏர்பம்ப் வேறு அறையின் காற்றை இழுக்கும்படி டியூபை நீட்டி வையுங்கள், அது அறைப்புகையை அப்படியே தண்ணீருக்குள் ஊதும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பாவம், பசிக்குமே என்று அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிட்டிகை என்று காகிதத்தில் விபூதிப் பொட்டலம் போல மடித்து, மேலே தேதி எழுதி, எண்ணிக் கொடுங்கள். டப்பாவை உங்களோடு ஊருக்கே எடுத்துப்போய்விடுங்கள்.